காவலூர் மலையில் ஒளியைப் படித்தவர்

மழை ஓய்ந்த இரவில் நமுனுகுல மலைமேல் முகில் விலகும்போது விண்மீன்களைப் பார்க்காதவர் பதுளையில் இருக்க முடியாது. தோட்டத்து லயங்களின் முற்றத்திலிருந்து பார்த்தால் அவை இன்னும் தெளிவாகத் தெரியும். புள்ளியளவான அந்த ஒளியைக் கொண்டு, எட்ட முடியாத ஓர் உலகில் என்ன வாயு உள்ளது என்று சொல்ல முடியுமா? முடியும். அந்தக் கலைக்கு நிறமாலையியல் என்று பெயர். அதைத் தமிழ்நாட்டு மலைக்காடு ஒன்றில் வேரூன்றச் செய்தவர் வைணு பாப்பு.

1927 ஆகஸ்ட் 10இல் சென்னையில் பிறந்தார். தந்தை ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வு நிலையத்தில் பணியாற்றியதால் தொலைகாட்டி அவருக்குச் சிறுவயதிலேயே பழக்கமாயிற்று. புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் சென்ற அவர், 1949இல் புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தார். பின்னர் ஒலின் வில்சனுடன் சேர்ந்து, விண்மீன் நிறமாலையிலுள்ள கல்சியக் கோட்டின் அகலத்துக்கும் அவ்விண்மீனின் உண்மையான பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். 1957இல் வெளியான அம்முடிவு இருவர் பெயராலும் இன்றுவரை வழங்குகிறது.

அங்கேயே தங்கியிருந்தால் உலகின் மிகப் பெரிய தொலைகாட்டிகள் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். ஆயினும் 1953இல் தாயகம் திரும்பினார். 1960இல் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் பணிப்பாளரானார். பகலில் சூரியனை ஆராயும் இடம் அது. இரவு வானத்துக்கு வேறோர் இடம் தேடி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தெரிவுசெய்தார். அங்கு முதலில் வைத்த சிறு தொலைகாட்டி சொந்தப் பட்டறையிலேயே செய்யப்பட்டது. 1972இல் 1 மீற்றர் தொலைகாட்டி வந்தது.

1977 மார்ச் 10இல் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு அருகே கடந்து சென்றது. அப்போது அவ்விண்மீனின் ஒளி திடீரென மங்கியதைக் காவலூர்க் கருவியும் பதிவு செய்தது. அக்கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது அன்றுதான் உலகுக்குத் தெரியவந்தது.

யுரேனஸ் மிகக் குளிர்ந்த கோள். அது வெளிவிடும் சொற்ப வெப்பம் தூரச் செங்கீழ்க் கதிர்களாகவே வருகிறது. நமது வளியிலுள்ள நீராவி அவற்றில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவதால், அவற்றைப் படிக்க வளிக்கு மேலே செல்ல வேண்டும். 1986 ஜனவரி 24இல் வொயேஜர் 2 விண்கலம் யுரேனஸை நெருங்கி அக்கதிர்களை அளந்தது. வெப்பநிலை ஏறத்தாழ −214 பாகை செல்சியஸ் என்றும், வளிமண்டலத்தில் ஐதரசனுடன் சுமார் 15 வீதம் ஹீலியம் கலந்துள்ளது என்றும் அதனால் அறிந்தோம்.

இதைக் காண பாப்பு இருக்கவில்லை. 1979இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தெரிவான அவர், 1982 ஆகஸ்ட் 19இல் மியூனிக் நகரில் காலமானார். வயது 55 மட்டுமே. அவர் கனவு கண்ட 2.34 மீற்றர் தொலைகாட்டி அப்போது முடிந்திருக்கவில்லை. வொயேஜர் யுரேனஸை அடைந்த அதே ஜனவரியில், 6ஆம் திகதி, அது காவலூரில் அவர் பெயர் தாங்கித் திறக்கப்பட்டது.

தான் பார்க்க மாட்டாத வானத்துக்காகவும் ஒருவர் உழைக்கலாம் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம். காவலூரும் ஒரு காலத்தில் பெயர் தெரியாத மலைக்கிராமம்தான். விஞ்ஞானப் பிரிவைத் தெரிவுசெய்யத் தயங்கும் மலையக மாணவியும், மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரும் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.