கென்னத் ஆண்டர்சன்

கென்னத் டக்ளஸ் ஸ்டூவர்ட் ஆண்டர்சன் (மார்ச் 8, 1910 - ஆகஸ்ட் 30, 1974) தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தடம் பற்றிச் சென்று வேட்டையாடியவர், ஆங்கில எழுத்தாளர். வட இந்தியாவில் ஜிம் கார்பெட் பெற்ற புகழைத் தெற்கில் பெற்றவர் இவர் எனலாம்.

வாழ்க்கை

ஆண்டர்சன் ஐதராபாத்தை அடுத்த பொல்லாரத்தில் பிறந்தார். ஆறு தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக் குடும்பம் இவருடையது. பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித ஜோசப் கல்லூரியிலும் கற்றார். சட்டம் பயில எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டாலும் படிப்பை முடிக்காமலேயே திரும்பினார். அஞ்சல் தந்தித் துறையில் 15 ஆண்டுகளும் பின்னர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையிலும் பணியாற்றினார்.

வேட்டை இவருக்குத் தொழில் அன்று. ஓர் ஊரை ஆட்கொல்லி அச்சுறுத்துவதாகச் செய்தி வந்தால், அலுவலகத்தில் விடுப்புப் பெற்றுத் தம் ஸ்டூடிபேக்கர் காரில் புறப்படுவார். கன்னடமும் தமிழும் பேசத் தெரிந்தமையால் ஊராரிடம் நேரடியாக விசாரிக்க முடிந்தது. 1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் இவர் சுட்டதாக அரசுப் பதிவுகள் கூறுகின்றன.

தடம் பார்த்தல்

ஆட்கொல்லி வேட்டையில் சுடுவது கடைசி நொடிக்குரிய வேலை. அதற்கு முன் பல நாட்கள் தடம் பார்க்க வேண்டும். புலியின் காலடி பொதுவாக ஆணுக்குச் சதுரமாகவும் பெண்ணுக்குச் சற்று நீண்டும் இருக்கும். தடத்தின் விளிம்பு உதிர்ந்துள்ளதா, அதன்மேல் பனித்துளி விழுந்துள்ளதா, பூச்சிகள் ஊர்ந்த கோடு குறுக்கே செல்கிறதா என்பவற்றைக் கொண்டு விலங்கு கடந்த நேரம் கணிக்கப்படும். மந்திகளும் கடமான்களும் எழுப்பும் எச்சரிக்கைக் குரல் அது இருக்கும் திசையைக் காட்டும். தவறான விலங்கைச் சுட்டுவிட்டு, ஆபத்து நீங்கியது என்று ஊராரை நம்பச் செய்தால் மேலும் உயிர்கள் போகும். ஆகவே இக்கணிப்பு உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது.

இக்கலையில் ஆண்டர்சன் காட்டு மக்களிடம் பெரிதும் கடன்பட்டவர். அவர்களுள் முதன்மையானவர், சின்னாற்றுப் பகுதியைச் சேர்ந்த பைரா என்னும் பழங்குடியினர். அனுமதியின்றி வேட்டையாடி வாழ்ந்த இவரை ஆண்டர்சன் நண்பராகவே நடத்தினார். தம் முதல் நூலில் இவருக்கெனத் தனி இயல் ஒன்றையும் ஒதுக்கினார். அக்கால வெள்ளையரின் வேட்டை நூல்களில் வழிகாட்டிகள் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே வருவர்.

கும்ளாபுரம் சிறுத்தை

கிருஷ்ணகிரி மாவட்டம் தளிக்கு அருகிலுள்ள கும்ளாபுரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் ஒரு சிறுத்தை நடுங்க வைத்தது. அது 42 பேரைக் கொன்றதாகக் கூறப்படுகிறது. மக்கள் பொழுது சாய்ந்ததும் கதவடைத்துக் கொண்டனர். அங்குக் காத்திருந்த ஆண்டர்சனிடம் ஊர் நாய் ஒன்று வந்து சேர்ந்தது. வளர்ப்பு நாயுமன்று, பயிற்சி பெற்றதுமன்று. ஆயினும் இருளில் சிறுத்தை நெருங்குவதை அவருக்கு முன்பே உணர்ந்து காட்டியது அதுவே. காயம்பட்டுத் தப்பிய விலங்கை மறுநாள் மோப்பம் பிடித்து, அவரை வழிநடத்திச் சென்றதும் அதுவே. வேட்டையில் மிகவும் ஆபத்தான கட்டம் இது. காயம்பட்ட சிறுத்தை புதரில் அசையாமல் படுத்திருந்து அருகில் வந்தபின் பாயும். சிறுத்தையைக் கொன்றபின், அந்த நாய்க்கு நிப்பர் எனப் பெயரிட்டுப் பெங்களூருக்கே அழைத்துச் சென்றுவிட்டார்.

நூல்கள்

முதல் நூல் 1954 இல் வெளிவந்தது. கடைசி நூல் இவர் மறைந்தபின் 1976 இல் வந்தது. ஜவளகிரி, சிவனிப்பள்ளி, பென்னாகரம், சீகூர் போன்ற ஊர்கள் இவற்றின் வழியே உலக வாசகர்களுக்கு அறிமுகமாயின. பல நிகழ்ச்சிகளுக்கு இவரது எழுத்தைத் தவிர வேறு சான்று இல்லை என்பதும், ஆவி, மாந்திரீகம் பற்றியும் இவர் எழுதினார் என்பதும் குறிப்பிடத்தக்கவை. பிற்காலத்தில் காட்டுயிர்ப் பாதுகாப்பை வலியுறுத்தினார்.

ஆண்டர்சன் புற்றுநோயால் 1974 இல் காலமானார். இவர் அலைந்து திரிந்த ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளின் பெரும்பகுதி 2014 இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.