வீல் கப் திருடிய சிறுவன், ஹாலிவுட்டின் மாஸ் போலீஸ் ஆன கதை! யார் இந்த ஸ்டீவ் மெக்வீன்?

மேலதிகாரி சொல்வதைக் கேட்காத போலீஸ், அலறும் டயர், பின்னாலேயே துரத்தும் கார்... இன்று எந்த போலீஸ் த்ரில்லரைப் போட்டாலும் இந்த மூன்றும் இருக்கும். இந்த ஃபார்முலாவுக்குப் பாதை போட்ட படங்களில் முக்கியமானது 1968-ல் வெளியான 'புல்லிட்'. அதில் டிடெக்டிவாக நடித்த ஸ்டீவ் மெக்வீனின் நிஜ வாழ்க்கை, போலீஸிடம் மாட்டிக்கொள்வதில்தான் ஆரம்பித்தது.

சீர்திருத்தப் பள்ளி டு சினிமா

1930 மார்ச் 24, அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் பிறந்தார் மெக்வீன். பிறந்த சில மாதங்களிலேயே அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். மிசௌரியில் உறவினர் பண்ணையில் வளர்ந்த பையனுக்கு டிஸ்லெக்சியா, ஒரு காதும் சரியாகக் கேட்காது. அம்மாவிடம் திரும்பிய பிறகு தெருப் பையன்களோடு சேர்ந்து கார் வீல் கப்களைத் திருடி மாட்டினார். கடைசியில் கலிஃபோர்னியாவின் 'பாய்ஸ் ரிபப்ளிக்' சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். தன்னை மனிதனாக்கியது அந்த இடம்தான் என்று கடைசிவரை நம்பினார்.

1947-ல் மரைன் படையில் சேர்ந்தார். அங்கேயும் சொன்னபடி கேட்கவில்லை. பலமுறை பதவி இறக்கம், ராணுவச் சிறையில் 41 நாள். ஆனால், பனிப் பிரதேசப் பயிற்சியின்போது டேங்க் ஒன்று பனிக்கட்டி உடைந்து மூழ்கத் தொடங்கியபோது, உள்ளே இருந்த 5 வீரர்களை வெளியே இழுத்துக் காப்பாற்றியதும் அவர்தான்.

படையிலிருந்து வந்த பிறகு, முன்னாள் வீரர்களுக்கான அரசு கல்வி உதவியில் நியூயார்க்கில் நடிப்பு படித்தார். 'தி மேக்னிஃபிசன்ட் செவன்' (1960), 'தி கிரேட் எஸ்கேப்' (1963) படங்கள் அவரை ஸ்டாராக்கின.

மியூசிக்கே இல்லாத சேஸிங்

போலீஸ் வேடம் என்றதும் முதலில் தயங்கினார். ஒத்துக்கொண்ட பிறகு தன் சொந்த நிறுவனமே படத்தைத் தயாரித்தது. லண்டன் தெருக்களில் கார் துரத்தலைப் படமாக்கியிருந்த பீட்டர் யேட்ஸ் இயக்குநராக வந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவின் நிஜ டிடெக்டிவ் டேவ் டாஸ்கி தோளில் துப்பாக்கி மாட்டும் ஸ்டைலை மெக்வீன் அப்படியே எடுத்துக்கொண்டார். பின்னாளில் 'ஜோடியாக்' தொடர் கொலை வழக்கை விசாரித்தவர் இந்த டாஸ்கி.

சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடு பள்ளத் தெருக்களில் மஸ்டாங்கும் டாட்ஜ் சார்ஜரும் மோதும் அந்த சேஸிங் கிட்டத்தட்ட 11 நிமிடம். வேகம் மணிக்கு 175 கிலோமீட்டரைத் தாண்டியது. லாலோ ஷிஃப்ரினின் இசை, கார்கள் சீறத் தொடங்கும் நொடியில் நின்றுவிடும். அதன் பிறகு இன்ஜின் சத்தமும் டயர் சத்தமும் மட்டும்தான்.

எல்லா ஷாட்டையும் மெக்வீனே ஓட்டவில்லை. ஒரு திருப்பத்தில் கன்ட்ரோல் தவறி நேராகப் போய்விட்டார். அதன் பிறகு ஆபத்தான இடங்களை ஸ்டன்ட் கலைஞர் பட் எகின்ஸ் ஓட்டினார். அந்தத் தவறு படத்தில் அப்படியே இருக்கிறது: மஸ்டாங் திருப்பத்தைத் தவறவிட்டு, புகை கக்கியபடி ரிவர்ஸ் எடுக்கும். எடிட்டர் ஃபிராங்க் கெல்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இதில் விதிமீறல் என்ன?

புல்லிட் யாரையும் அடித்து வாக்குமூலம் வாங்குவதில்லை. அவர் காவலில் இருந்த சாட்சி சுடப்பட்டு இறந்துவிட, அந்த மரணத்தை மறைத்து, செல்வாக்குள்ள அரசியல்வாதியையே காத்திருக்க வைக்கிறார். அவர் செய்யும் பெரிய விதிமீறல் அதுதான். எல்லாம் முடிந்ததும் கைதட்டல் இல்லை. வீட்டுக்கு வந்து கை கழுவி, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான். பின்னால் வந்த பல படங்கள் சேஸிங்கை எடுத்துக்கொண்டு இந்தக் கண்ணாடியை விட்டுவிட்டன.

1971-ல் 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' வந்தது. 'புல்லிட்' தயாரிப்பாளர் ஃபிலிப் டி'ஆன்டோனிதான் அதற்கும் தயாரிப்பாளர். சார்ஜரை ஓட்டிய பில் ஹிக்மன் அதிலும் கார் ஓட்டினார். அந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது.

50 வயதில் முடிந்த ஓட்டம்

மெக்வீனுக்கு ரேஸ் வெறும் நடிப்பு இல்லை. 1970-ல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில், காலில் மாவுக்கட்டோடு ஓட்டி, பீட்டர் ரெவ்சனுடன் சேர்ந்து இரண்டாம் இடம் பிடித்தார்.

ஆனால் அவர் உயிரை எடுத்தது வேகம் இல்லை, மீசோதீலியோமா. ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு தொடர்புள்ள புற்றுநோய் இது. மரைன் படையில் இருந்தபோது கப்பல் குழாய்களில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸை உரித்தெடுத்த வேலைதான் காரணம் என்று அவர் நினைத்தார். மெக்சிகோவில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 1980 நவம்பர் 7 அன்று மாரடைப்பில் இறந்தார்.

படத்தில் ஓடிய மஸ்டாங்கை வாங்க 1977-ல் அதன் உரிமையாளருக்கு மெக்வீன் கடிதம் எழுதினார். அவர்கள் தரவில்லை. 2020-ல் அது கட்டணங்களோடு சேர்த்து 37.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கலிஃபோர்னியாவின் 'பாய்ஸ் ரிபப்ளிக்' பள்ளியில், ஸ்டாரான பிறகும் அவர் அடிக்கடி போய்ப் பையன்களோடு பேசிய அதே இடத்தில், இன்று ஒரு விளையாட்டு மையம் ஸ்டீவ் மெக்வீன் பெயரில் இருக்கிறது.