மின்தடையை ஆராய்ந்த தமிழர் கே. எஸ். கிருஷ்ணன்

நமது நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெறும் மின்சாரம் கம்பி வழியே தொலைதூரம் செல்லும்போது, ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. உலோகத்தின் மின்தடையே இதற்குக் காரணம். அத்தடையை ஆராய்ந்த தமிழர் ஒருவரை நாம் அறிந்துகொள்வோம்.

வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்த கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின் கல்கத்தா சென்று சர் சி. வி. இராமனிடம் சேர்ந்தார். 1928இல் 'இராமன் விளைவு' கண்டறியப்பட்ட சோதனைகளில் உடன் உழைத்தவர் இவரே. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனோ தம் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1940இல் லண்டன் ராயல் சங்க உறுப்பினரானார். அலகாபாத்தில், உலோக அணுக்களின் வெப்ப அதிர்வால் எலெக்ட்ரான்கள் சிதறுவதைக் கொண்டு மின்தடையைக் கணக்கிட்டார்.

தடை அறவே மறைவதும் உண்டு. ஹாலந்து விஞ்ஞானி காமர்லிங் ஆனஸ், திரவ ஹீலியத்தால் குளிர்வித்த பாதரசத்தில் இதை 1911இல் கண்டார். மைனஸ் 269 டிகிரிக் குளிரில் நிகழ்ந்த இதற்கு மீக்கடத்தல் என்று பெயர். தில்லி தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகக் கிருஷ்ணன் விளங்கிய காலத்தில், 1952இல், அங்கும் ஹீலியம் திரவமாக்கப்பட்டது.

1961இல் அவர் மறைந்தார். 2018இல் பெங்களூர் விஞ்ஞானிகள், தங்கத்துள் பதித்த வெள்ளி நுண்துகள்களில் அத்தனைக் குளிரின்றியே தடை மறைவதாக அறிவித்தனர். அது இன்னும் உறுதிப்படவில்லை. தேட வேண்டியது மிச்சமிருக்கிறது, மாணவியரே! பரிசு யாருக்குச் சேர்ந்தாலும் உழைப்பைக் கைவிடாத கிருஷ்ணனைப் போல, இறைவன் அளித்த அறிவை நாமும் பயன்படுத்துவோம்.