கணிப்பொறிக்கு நிரல் கோக்கக் கற்பித்த அம்மையார்

கணிப்பொறித் துறை என்றதும் ஆடவர் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், கட்டளை வரியில் ஒரே ஒரு சொல்லைத் தட்டி, பல கோப்புகளாகக் கிடக்கும் நிரலை ஒரு முழு மென்பொருளாகக் கட்டி எழுப்புகிறோமே, அதற்கு வித்திட்டவர் ஒரு பெண்மணி ஆவார். அவர்தாம் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் ஆசிரியப் பணி ஆற்றினார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது கடற்படையில் சேர விழைந்தார். உடல் எடை போதாது என்ற தடையை, சிறப்பு அனுமதி பெற்றுக் கடந்து 1943இல் சேர்ந்தார். மறு ஆண்டே ஹார்வர்டில் 51 அடி நீளமுள்ள மார்க் 1 என்னும் கணிப்பொறியில் பணி கிடைத்தது.

அக்காலத்தில் அடிக்கடி தேவைப்படும் கணக்குப் பகுதிகளை நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைத்து, ஒவ்வொரு புதிய நிரலுக்கும் கையால் பெயர்த்து எழுதினர். ஓர் இலக்கம் பிசகினாலும் உழைப்பு முழுவதும் வீண். அம்மையார் இதற்கு ஒரு வழி கண்டார். சோதித்துத் தேர்ந்த பகுதிகளைக் காந்த நாடாவில் பதித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இட்டார். எண்களை வரிசையாகக் கொடுத்தால், பொறியே அப்பகுதிகளைத் தேடியெடுத்து முழு நிரலாகக் கோத்துத் தந்தது. யூனிவாக் கணிப்பொறிக்காக 1952இல் உருவான இதற்கு ஏ-0 என்று பெயர்.

பென்னலூரில் வாழும் எனக்கு இது எளிதில் விளங்கிற்று. பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில், எங்கெங்கோ செய்த உதிரிபாகங்கள் ஒரே வரிசையில் சேர்ந்து காராக வெளிவருவதைப் போன்றதே இது. ஆனால் அன்று பலர் நம்பவில்லை. கணிப்பொறி கணக்குப் போடுமேயன்றி நிரல் ஆக்காது என்றே எண்ணினர்.

அம்மையார் அதற்கு மேலும் ஓர் அடி வைத்தார். எண்களுக்குப் பதில் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடலாம் என்று காட்டினார். பொறிக்கு எம்மொழியும் ஒன்றே என நிறுவ, அதே கட்டளைகளைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதிக் காட்டினார். மேலதிகாரிகள் திடுக்கிட்டு, ஆங்கிலம் மட்டும் போதும் என்றனர். அவ்வாறு பிறந்த ஃப்ளோமேட்டிக் மொழியின் அடியொற்றியே 1959இல் கோபால் மொழி வடிவம் பெறத் தொடங்கியது.

கோப்புகளில் மாறியவற்றை மட்டும் கண்டறிந்து மீண்டும் தொகுக்கும் மேக் என்னும் கருவியை, 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கினார். அதுவும் அம்மையார் போட்ட பாதையில் வந்ததே. 1986இல், தம் 79ஆம் வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்ற அம்மையார், 1992 ஜனவரி 1ஆம் நாள் மறைந்தார்.

தமிழ்வழிப் பயின்று கணிப்பொறி அறிவியலுக்கு வரும் நம்மில் பலர், ஆங்கிலக் கட்டளைகளைக் கண்டு மருளுகிறோம். பொறி ஆங்கிலம் அறிந்ததன்று. அதற்கு அச்சொற்களைக் கற்பித்தவர்கள் மனிதர்களே. இன்று எழில் என்ற நிரல்மொழியில் தமிழிலேயே கட்டளை எழுத முடிகிறது. ஆங்கிலக் கட்டளைகளை அச்சமின்றிக் கற்போம். தமிழ்க் கட்டளைகளையும் ஆக்கிப் பார்ப்போம். அம்மையாரின் வாழ்வு எனக்கு ஊட்டிய துணிவு இதுவே.