கடை விலாசத்திலிருந்து பொது வங்கிக்கு: எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார்

வணிகனுக்கு முதல் என்பது பெட்டியில் உள்ள பணம் மட்டுமன்று. அவன் சொல்லின்மீது பிறர் வைக்கும் நம்பிக்கையே அதனினும் பெரிய முதலாகும். பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். நம்பிக்கை போனால் கடையைத் திறந்து வைத்தும் பயனில்லை. ஒரு குடும்பத்தின் பெயரளவில் நின்ற அந்த நம்பிக்கையைப் பலரும் பங்கு கொள்ளும் பொது நிறுவனமாக மாற்றிக் காட்டியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார்.

அவர் 1908ஆம் ஆண்டு செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்தார். தந்தையார் சர் எம்.சி.டி. முத்தையா செட்டியார், அரசின் மதிப்பையும் வணிக உலகின் மதிப்பையும் ஒருங்கே பெற்றவர். நகரத்தார் மரபில் ஒரு கடையின் பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகளை விலாசம் என்பர். பாட்டன், தந்தை, மகன் எனத் தொடரும் அவ்வெழுத்துகள் ஊர் ஊராக, நாடு நாடாக அக்குடும்பத்தின் நாணயத்துக்குச் சான்றாக நின்றன. அத்தகைய விலாசம் ஒன்றைத் தாங்கும் பொறுப்பு மிக இளம் வயதிலேயே சிதம்பரம் செட்டியாரை வந்தடைந்தது.

அந்நாளைய நகரத்தார் தொழிலின் அமைப்பை அறிந்தாலன்றி அவர் செய்த பணியின் அருமை விளங்காது. பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் அவர்களின் கடைகள் பரவியிருந்தன. கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியுடன் பல கடைக்காரர்கள் வரிசையாக அமர்ந்து தொழில் நடத்துவர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய ஏஜெண்டு மூன்றாண்டுக் காலம் கடல் கடந்து சென்று கடையை நடத்திக் கணக்கு ஒப்படைத்துத் திரும்புவார். சிறுவர்கள் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்து படிப்படியாகத் தொழில் பயின்றனர்.

இத்தனைக் கடைகளும் தனித்தனியாக இருந்தபோதிலும் தனித்து இயங்கவில்லை. இரங்கூனில் கடைக்காரர்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்குரிய நடப்பு வட்டியை முடிவு செய்தனர். முருகன் சந்நிதியில் முடிவான வட்டியை எவரும் மீறார். இன்று வணிகர் சங்கங்கள் செய்யும் பணியைக் கோயில் மண்டபத்திலேயே செய்து வந்த அவர்கள், 1924ஆம் ஆண்டில் பர்மாவில் தங்களுக்கென ஒரு சங்கத்தையும் அமைத்துக் கொண்டனர்.

1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவர்கள் கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் அளவில் மதிப்பிடப்பட்டது. அப்போதுதான் உலகப் பொருளாதார மந்தம் வந்தது; நெல் விலை சரிந்தது. விளைச்சல் வீட்டுக்கு வந்தும் கடன் அடையாத நிலை என்ன துயரம் தரும் என்பதை நிலமுடைய குடும்பங்கள் நன்கறியும். பர்மிய உழவர்களால் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தாரிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் அது 25 பங்காகியது. உழவனுக்கு நிலம் போயிற்று. வணிகனுக்கோ பணம் நிலத்தில் முடங்கிப் போயிற்று. உழாத நிலத்துக்கு உடையவராக நேர்ந்தது நகரத்தாருக்குச் செல்வத்தைத் தரவில்லை. அந்நாட்டு மக்களின் மனக்கசப்பையே தந்தது.

இச்சூழலில் பழைய வழியிலேயே செல்வது அறிவுடைமையாகாது என்பதைச் சிதம்பரம் செட்டியார் உணர்ந்தார். ஒரு குடும்பத்தின் முதலைக் கொண்டு, ஒரே வகைப் பயிரை நம்பி, நிலத்தை ஈடாகப் பெற்று நடத்தும் தொழிலுக்கு மாற்றுத் தேவைப்பட்டது. வெளிநாட்டுச் செலாவணித் தொழில் அக்காலத்தில் பெரும்பாலும் ஆங்கிலேயர் வங்கிகளின் கையில் இருந்தது. தமிழர்கள் கடல் கடந்து ஈட்டிய பணத்தைத் தமிழர்களின் வங்கியே ஊருக்குக் கொண்டு சேர்க்கலாகாதா என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே இந்தியன் ஓவர்சீஸ் வங்கி.

1937ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அவ்வங்கி தொடங்கப்பெற்றது. அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. ஒரே நாளில் மூன்று கிளைகள் திறக்கப்பட்டன: காரைக்குடி, சென்னை, இரங்கூன். இந்தத் தேர்வே அவருடைய தொலைநோக்கைக் காட்டும். இரங்கூனில் பணம் ஈட்டப்பட்டது. சென்னையில் வணிகம் நடந்தது. காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களில் அப்பணத்தை எதிர்பார்த்துக் குடும்பங்கள் வாழ்ந்தன. பெருநகரங்களுக்கு நிகராக ஒரு சிற்றூரை அவர் நிறுத்தினார். அடுத்துப் பினாங்கிலும் கிளை தோன்றியது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் பர்மா இந்தியாவிலிருந்து தனி நாடாகப் பிரிக்கப்பட்டது. இரு நாட்டுக்கும் இடையே பணம் கொண்டு செல்லும் அமைப்பின் தேவை அதனால் மேலும் மிகுந்தது.

தொடங்கிய மறு ஆண்டே சோதனை வந்தது. 1938இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி வீழ்ந்தது. தென்னகத்தில் வங்கி என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் அஞ்சும் நிலை ஏற்பட்டது. அந்த அச்சத்தையும் கடந்து இளைய வங்கி நிலைத்தது. அதே 1938இல் யுனைடெட் இந்தியா தீ மற்றும் பொதுக் காப்பீட்டு நிறுவனமும் உருவானது. அதற்கு முன்பே இயங்கிவந்த யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அவருடைய தலைமையில் வளர்ந்தது. வைப்புத் தொகையைக் காப்பது வங்கி. எதிர்பாரா இழப்பிலிருந்து குடும்பத்தைக் காப்பது காப்பீடு. இவ்விரண்டையும் ஒருவரே கையிலெடுத்தது தற்செயலன்று.

இரண்டாவது பெரிய சோதனை போர். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் இரங்கூனில் விழுந்தன. சில மாதங்களில் பர்மாவும் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. பல தலைமுறையாகச் சேர்த்ததை விட்டுவிட்டு இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே அசாம் எல்லைக்கு வந்து சேர்ந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். வங்கியும் அந்நாடுகளில் கிளைகளை இழந்தது. எனினும் அது தாய்நாட்டில் வேரூன்றியிருந்தமையால் வீழவில்லை. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் 38 கிளைகளும் வெளிநாடுகளில் 7 கிளைகளும் கொண்டு, 6.64 கோடி ரூபாய் வைப்புத் தொகையுடன் அது நின்றது. பர்மாவில் தனிக்கடைகள் கொண்டிருந்த நிலங்களோ 1948ஆம் ஆண்டின் நில தேசியமயச் சட்டத்தோடு கையைவிட்டு அகன்றன. எது நிலையானது என்பதைக் காலமே இவ்வாறு எடுத்துரைத்தது.

வட்டித் தொழிலோடு நில்லாமல் உற்பத்தித் தொழிலிலும் அவர் ஈடுபட்டார். கேரளத்தில் பெரும்பாவூருக்கு அருகே பெரியாற்றங்கரையில் அமைந்த திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலை, இந்தியாவிலேயே ரேயான் நூல் செய்த முதல் ஆலையாகும். அது அமைந்த இடமே ரேயான்புரம் எனப் பெயர் பெற்றது.

சென்னை அண்ணா சாலையில் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கென வானளாவிய தலைமையகம் ஒன்றை எழுப்ப அவர் விரும்பினார். 1953ஆம் ஆண்டு பணி தொடங்கியது. ஆனால் அது நிமிர்ந்து நிற்பதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1954ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் சிங்கப்பூர்க் கல்லாங் விமான நிலையத்தில் தரையிறங்கிய பயணிகள் விமானம் விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. உயிர் நீத்த 33 பேரில் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 45. எந்தக் கடல்வழியில் அவருடைய முன்னோர் பொருள் தேடிச் சென்றனரோ அந்தத் திசையிலேயே அவருடைய வாழ்வு முடிந்தது.

அவர் மறைவுக்குப் பின் 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமாயிற்று. பாதியில் நின்ற கட்டடம் புதிய கழகத்தின் உடைமையாகி 1959இல் திறக்கப்பட்டது; அதுவே இன்று யாவரும் எல்.ஐ.சி. கட்டடம் என்று அழைப்பது. 1963இல் பர்மா அரசு இரங்கூன் கிளையை எடுத்துக் கொண்டது. 1969 ஜூலையில் நாட்டுடைமையான 14 வங்கிகளுள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஒன்று. பொதுக் காப்பீட்டு நிறுவனமும் பின்னர் அரசுடைமையாகி, யுனைடெட் இந்தியா என்ற பெயரைக் காத்து வருகிறது.

ஆக, அவர் உருவாக்கியவற்றுள் முதன்மையானவை எவையும் அவருடைய குடும்பத்தின் உடைமையாக நிலைக்கவில்லை. இதனை இழப்பு என்று கருதுவாரும் உளர். ஆயினும், ஒரு விலாசத்தின் நாணயமாகத் தொடங்கியது இன்று பெயர் அறியாத பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பைக் காத்து நிற்கிறது. உடைமை கைமாறியும் பயன் குன்றாத செல்வத்தைத் தேடியவர் என்பதே சிதம்பரம் செட்டியாரின் பெருமையாகும். ஈட்டும் பொருளில் எத்துணைப் பங்கு தனக்கு, எத்துணைப் பங்கு ஊருக்கு என்று எண்ணிப் பார்க்கும் ஒவ்வொரு வணிகக் குடும்பத்துக்கும் இளைஞருக்கும் நாற்பத்தைந்து ஆண்டே நீடித்த இவ்வாழ்வு உரிய பாடமாகும்.