ஹக்கல பூங்காவும் துவைட்ஸின் வண்ணத்துப்பூச்சிகளும்

நுவரெலியாவுக்கு அருகேயுள்ள ஹக்கல தாவரவியல் பூங்காவைக் கண்டு களிப்போர் பலர்; ஜோர்ஜ் துவைட்ஸை அறிந்தோர் சிலரே. 1812இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்து கணக்காளராகத் தொழில் புரிந்த அவர், தாவரவியலைத் தாமே கற்று, 1849இல் பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளரானார். மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனாவைப் பயிரிடுவதற்கென 1861இல் ஹக்கல பூங்கா அமைந்தது அவரது நிர்வாகத்திலேயே. 1869இல் கோப்பியை இலைத்துரு நோய் தாக்கியபோது, மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பி ஆராயச் செய்தவரும் அவரே.

மலைக்காடுகள் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்த அக்காலத்தில், அவர் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் சேகரித்தார். இறந்த சிறகுகளை ஊசியில் குத்தி வைப்பதோடு அமையாது, புழு, கூட்டுப்புழுப் பருவங்களையும் த அல்விஸ் குடும்பத்து ஓவியர்களைக் கொண்டு வரைவித்தார். அவற்றைத் துணையாகக் கொண்டே பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளை வெளியிட்டார். 1882இல் கண்டியில் மறைந்த துவைட்ஸ், அப்பணி நிறைவுற்றதைக் காணவில்லை.

வண்ணத்துப்பூச்சிகளை அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டு செல்வது இன்று குற்றமாகும். உயிரின் வரலாற்றைப் பதிந்து வைப்பது அறிவு. அழகுக்காக அள்ளிச் செல்வது களவு. இவ்வேறுபாட்டை மலையகத்தின் இளந்தலைமுறைக்கு உணர்த்துவது நம் கடமையாகும்.