சிற்பியைத் தேடிச் சென்ற கலாயோகி

ஆலயத்திலே புதிதாகச் செய்யப்பட்ட திருவுருவத்துக்குக் கும்பாபிஷேகத்தின் முன்னர் கண் திறக்கும் கிரியை நடைபெறும். அவ்வேளையில் திரையின் உள்ளே மூர்த்தியின் முன் நிற்பவர் சிற்பாசாரியார். பொன்னூசி கொண்டு அவர் கண்மலரைத் திறந்ததும் பசுவும் கன்றும், கன்னியர், தானியம் முதலிய மங்கலங்கள் சுவாமியின் முதற் பார்வைக்குக் காட்டப்படும். பின்னர் அவர் சம்பாவனை பெற்றுக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார். உபயகாரரின் பெயர் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கும். செய்த கையின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

அந்தக் கைகளைத் தேடி ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இந்நாட்டுக் கிராமங்களுக்குச் சென்றவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. நடராஜ வடிவத்தின் தத்துவத்தை மேல்நாட்டாருக்கு உணர்த்தியவர் என்றே எம்மவர் அவரை அறிவர். அந்தப் பெரும்பணிக்கு அவர் பயின்ற பள்ளிக்கூடம் கண்டிக் கிராமங்களின் கைவினைஞர் வீடுகளே என்பதைப் பலர் அறியார்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியிலுள்ள கெருடாவிலைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் அவருடையது. தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் இங்கிலாந்தில் முதன்முதலாக நியாயவாதியாக ஏற்கப்பட்டது 1863 இல் அவர் மூலமாகவே. அரிச்சந்திரன் கதையை நாடகமாக ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரி செல்லாச்சியின் புதல்வர்கள். தாயார் எலிசபெத் அம்மையார் இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். கொழும்பு கொள்ளுப்பிட்டியில் 1877 ஆகஸ்ட் 22 ஆம் நாள் ஆனந்தர் பிறந்தார்.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தாயார் அவரை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். தந்தையார் பின்னர் சென்று சேர்வதாக இருந்தது. 1879 மே 4 ஆம் திகதி, கப்பலேற இருந்த அன்றே, அவர் காலமானார். ஆகவே தந்தையின் மொழியையும் சமயத்தையும் வீட்டில் கேட்டு வளரும் பேறு பிள்ளைக்குக் கிட்டவில்லை. ஆங்கிலேயச் சிறுவனைப் போலவே வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900 இல் பட்டம் பெற்றார்.

1903 இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பணிப்பாளராக அவர் வந்தபோது வயது இருபத்தைந்து. கல்லும் மண்ணும் ஆராய்வதே அரசாங்கம் கொடுத்த வேலை. அதைக் குறைவில்லாமல் செய்தார். 1904 இல் தோரியனைற் என்னும் கனிமத்தை இனங்கண்ட பெருமை அவருடையது. ஆனால் பாறை தேடிப் போன இடங்களில் அவர் கண்ணில் பட்டவை வேறு. விகாரைச் சுவரில் எழுதப்பட்ட சித்திரங்கள், தேவாலயத் தூண்களின் மரச்செதுக்கல்கள், பித்தளை விளக்குகள், நெய்த பாய்கள், தந்தச் சீப்புகள். இவற்றைச் செய்தவர்கள் யார், யாரிடம் கற்றார்கள், எதைக் கொண்டு சீவிக்கிறார்கள் என்று அவர் கேட்கத் தொடங்கினார். மனைவியார் எத்தல் அம்மையாரும் உடன் சென்று படங்கள் எடுத்தார். கிராமப் பெண்களின் தையல் வேலைகளை ஆராய்ந்தார்.

அவர் அறிந்துகொண்டது சிறிய விடயமன்று. கண்டி மன்னர் காலத்தில் ஓவியனுக்கும் தட்டானுக்கும் கொல்லனுக்கும் குயவனுக்கும் நிலம் இருந்தது. நிலத்தை உழுது உண்டு, அதற்கு ஈடாக அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ தன் தொழிலைச் செய்து கொடுப்பான். குயவன் கோயிலுக்குச் சட்டி பானை கொடுப்பான். ஓவியன் சுவர் எழுதுவான். விற்பனைக்காகச் செய்ய வேண்டியதில்லை. ஆறுதலாக, பிழையில்லாமல் செய்யலாம். தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. அளவுப் பிரமாணங்கள் சமஸ்கிருத சுலோகங்களாக மனனத்தில் இருந்தன. 1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. கைவினைஞனை ஆதரித்த அரசன் இல்லாமற் போனான். பிரதானிகளோ இறக்குமதித் தளபாடங்களுக்கும் சீமைத் துணிகளுக்கும் ஆசைப்பட்டார்கள். குமாரசுவாமி சென்ற காலத்தில் பழைய தொழில் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் விரிவாகப் பதிவு செய்தவற்றுள் ஒன்று புத்தர் சிலைக்குக் கண் எழுதும் சடங்கு. நேத்திர மங்கல்யம் என்பது அதன் பெயர். சுபவேளையில் ஓவியன் சிலையின் முன் சென்று கண்ணை எழுதுவான். மற்றையோர் வெளியே நிற்பர். எழுதி முடிந்ததும் அவனுடைய கண்ணைக் கட்டி வெளியே அழைத்து வருவார்கள். கட்டை அவிழ்த்ததும் அவன் பார்வை முதலில் விழும் பொருளை அவன் வாளால் வெட்டுவான். சைவாலயக் கிரியையில் முதற் பார்வை மூர்த்தியினுடையது. அங்கே ஓவியனுடைய பார்வையும் கணக்கில் எடுக்கப்படுகிறது. இரண்டையும் அறிந்தவர்களுக்கு இவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது விளங்கும். தமிழர் ஒருவர் சிங்களக் கலைக்கு இத்துணை உழைத்தது ஏன் என்று வியப்பதற்கும் இடமில்லை. அக்கைவினைஞர் குடும்பங்களிற் பல தென்னிந்தியாவிலிருந்து வந்தவை என்பதை அவரே எடுத்துக்காட்டியிருக்கிறார்.

1905 இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய விகாரைகளும் தேவாலயங்களும் பழுதுபார்ப்பு என்ற பெயரில் பாழாவதைத் தடுக்குமாறு அதில் வேண்டினார். இன்றும் திருப்பணி என்று சொல்லிப் பழைய கருங்கல் மண்டபத்தை இடித்துச் சீமெந்து பூசுவோர் உண்டு. அக்கடிதம் அவர்களுக்கும் பொருந்தும். மேல்நாட்டு நடையுடைகளைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டிக்க இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தை முன்னின்று நடத்தினார். பாடசாலைகளில் தாய்மொழிக் கல்வி வேண்டும் என்றும், இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்றும் வாதாடினார்.

திரட்டியவை அனைத்தும் 1908 இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெரிய ஆங்கில நூலாக வந்தன. அச்சிட்ட விதம் தனிக்கதை. இங்கிலாந்துக் கிராமமொன்றில் தாம் வாழ்ந்த இல்லத்திலேயே, வில்லியம் மொறிஸ் என்ற கலைஞர் முன்பு பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில், பதினைந்து மாதங்கள் செலவிட்டு 425 பிரதிகள் மாத்திரம் அச்சிடுவித்தார். கைத்தொழிலைப் போற்றும் நூல் கைத்தொழிலாகவே இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

அக்காலத்து மேல்நாட்டு அறிஞர் பலருக்கு எமது திருவுருவங்கள் கலையாகவே தோன்றவில்லை. 1910 இல் இலண்டன் கூட்டமொன்றில் ஆங்கிலப் பெரியவர் ஒருவர் தியானத்தில் அமர்ந்த புத்தர் உருவத்தை அவித்த கொழுப்புப் புடிங்குக்கு ஒப்பிட்டார். அதனால் எழுந்த கண்டனத்தின் பயனாக அவ்வாண்டே இந்தியச் சங்கம் தோன்றியது; அதை நிறுவியவர்களுள் குமாரசுவாமியும் ஒருவர். ஆயினும் அவருடைய சரியான விடை 1912 இல் சித்தாந்த தீபிகை என்னும் சஞ்சிகையில் வெளிவந்த சிவநடனம் பற்றிய கட்டுரையே. திருமந்திரம், உண்மை விளக்கம் ஆகியவற்றின் துணைகொண்டு, உடுக்கையில் படைப்பையும் அபய கரத்தில் காப்பையும் அக்கினியில் அழிப்பையும் ஊன்றிய திருவடியில் மறைப்பையும் தூக்கிய திருவடியில் அருளையும் அவர் விளக்கினார். சைவ வீடுகளில் பிள்ளைகளும் அறிந்த செய்திதான். வீட்டில் அதைக் கேட்கும் வாய்ப்பில்லாத ஒருவர் தாமே தேடிக் கற்று உலகுக்குச் சொன்னார் என்பதே அதன் சிறப்பு. 1918 இல் அக்கட்டுரையின் பெயரிலேயே அவருடைய கட்டுரைத் தொகுதி நியூயோர்க்கில் வெளிவந்தது. பொலனறுவைச் சிவாலயங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்ட நடராஜர், நாயன்மார் முதலிய செப்புத் திருமேனிகளைப் பற்றியும் 1914 இல் எழுதினார்.

அரிதில் சேர்த்த ஓவியங்களை இந்தியாவுக்கே வழங்க விரும்பி, காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமைக்குமாறு வேண்டினார். போதிய ஆதரவு கிடைக்கவில்லை. முதலாம் உலகப் போரில் பிரித்தானியருக்காக ஆயுதமேந்தவும் அவர் உடன்படவில்லை. 1917 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலையில் பொறுப்பேற்றார். அவ்வோவியங்களும் அங்கேயே சேர்ந்தன. கிடைத்திருக்க வேண்டிய செல்வத்தைக் கைநழுவ விட்டது எம்மவர் குறையேயன்றி அவர் குறையன்று.

முப்பது ஆண்டுகள் அங்கு இருந்தார். நூதனசாலைக்குத் திருவுருவங்களைச் சேர்த்துக்கொண்டே, அவை கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்யப்பட்டவையல்ல, வழிபாட்டுக்காகச் செய்யப்பட்டவை என்று இடைவிடாது எழுதினார். கலைஞன் என்பவன் ஊருக்குப் புறம்பான அபூர்வப் பிறவியல்லன், தன் தொழிலை ஒழுங்காகச் செய்யும் எவனும் கலைஞனே என்பது அவருடைய முடிந்த கருத்து. அது கண்டிக் கிராமங்களில் அவர் கண்டதன் சாரம்.

1947 ஆகஸ்ட் 22 இல் எழுபது வயது நிறைந்தது. பதவியை விட்டு இந்தியா சென்று இமயமலைப் பகுதியில் தவவாழ்வு வாழப்போவதாக நண்பர்களிடம் அறிவித்தார். செப்ரெம்பர் 9 ஆம் நாள் பொஸ்ரனுக்கு அருகிலுள்ள நீடம் என்ற ஊரில் இறைவனடி சேர்ந்தார். தந்தையாரைப் போலவே அவருக்கும் அந்தப் பயணம் வாய்க்கவில்லை.

கொழும்பிலே தேசிய கலாபவனம் அமைந்துள்ள வீதி அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. 1993 முதல் 'கலா பொல' என்னும் ஓவியச் சந்தை அவ்வீதியிலேதான் கூடி வருகிறது. அன்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஓவியர்களும் சிற்பிகளும் வந்து, தத்தம் கைவேலைகளை நடைபாதையோரம் வைத்துக்கொண்டு, வருவோருடன் பேசியபடி இருப்பார்கள்.